சின்னக் குறுக்குக்கோடுகள்

ஊட்ரம் பார்க்கில் படியேறும்போது
மூச்சு வாங்குகிறதா என்று கேட்பார்கள்.
மின்படியில் நின்றுகொண்டுதானே வந்தேன் என்பேன்.
பன்னிரண்டு வருடமாக இதே பதில்,
இதே அறை, இதே குளிர்ந்த களிம்பு.
இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி
விலா இடுக்கில் கருவியை அழுத்துகிறார் டெக்னீஷியன்.
ஒலியைக் கூட்டுகிறார்:
ஈரத்துணியை யாரோ உதறி உதறிக் காயப்போடுவதுபோல்
உள்ளே நான்.

நீலமாகப் பிறந்தவள்.
ஒன்பதாம் மாதம் நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள்.
தைத்த இடம் கசிந்து கசிந்து
இதயத்தின் வலப்பக்கம் பானையாக உப்பியது.
இருபத்தொரு வயதில், தொடை ரத்தக்குழாய் வழியே
சுருட்டி அனுப்பினார்கள்
ஒரு பசுவின் கழுத்து நாளத்து வால்வை.
மறுநாள் மாலை நானே நடந்துபோய்
கீழ்த்தளத்தில் கோப்பி ஓ வாங்கிக் குடித்தேன்.
அம்மாவிடம் பசு என்று சொல்லவில்லை.
ஏதோ பிளாஸ்டிக் என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் நூர் ஷஃபீக்கா.
அதே வாரம், அதே வால்வு.
பன்றி இல்லையே, பன்றி இல்லையே என்று
மூன்று முறை கேட்ட அவள் அம்மா
பசு என்றதும் சிரித்து
எனக்கும் ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

டாக்டர் ஊய் திரையைத் திருப்பினார்.
போன வருடம் இருபத்துநான்கு,
இப்போது முப்பத்தொன்று.
அழுத்தம் ஏறுகிறது, அவசரமில்லை.
தேய்ந்துபோனால் அதற்குள்ளேயே இன்னொன்று வைக்கலாம்,
உழக்குக்குள் ஆழாக்குப்போல.
(உவமை என்னுடையது.
அவர் ஒரு கையை இன்னொரு கையால் மூடிக் காட்டினார்.)
அதற்குள் இன்னொன்று?
"அதை அப்போது பார்ப்போம்."

பிறகு ஒரு கோடு காட்டினார்,
எங்களைப் போன்றவர்களின் கோடு.
இடது மேல்மூலையில் எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு
படிப்படியாக இறங்குகிறோம்.
ஒவ்வொரு படியும் ஒரு வால்வு தோற்ற நாளாம்.
கிருமி தொற்றியவர், மறுபடி நெஞ்சைத் திறந்தவர்,
இறந்தவர், எல்லாருக்கும் படி படிதான்.
நடுநடுவே
முள் தைத்ததுபோல் சின்னக் குறுக்குக்கோடுகள்.
அதெல்லாம் யார் என்றேன்.
"வருவதை நிறுத்தியவர்கள்.
கடைசியாக வந்த நாள்வரை நன்றாக இருந்தார்கள்.
அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரியாது."

பல் மருத்துவரிடம் போவதற்கு முன்னால்
நான்கு மாத்திரை, மறக்காதே என்று
எனக்குச் செய்தி அனுப்பியவள் ஷஃபீக்கா.
நான்கு வருடமாக இந்த நாற்காலிகளில் அவள் இல்லை.

ஊதாத் தடத்தில் ஐந்தாவது நிலையம்கூட இல்லை, நான்காவது,
லிட்டில் இந்தியாவில் இறங்கினேன்.
கேம்பல் லேனில் பொங்கலுக்குக் கொண்டுவந்து கட்டிய மாடுகள்.
தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம்
பள்ளிப் பிள்ளைகள், உயர்த்திப் பிடித்த கைப்பேசிகள்.
ஒரு பசுவின் தாடைக்குக் கீழே
மடிந்து தொங்கிய தோலுக்குள்
ஏதோ ஏறி இறங்கியது.
நன்றி சொல்லத்தான் வந்தேன் என்று நினைத்திருந்தேன்.
நாக்கில் வந்து நின்றது நன்றி மாதிரி இல்லை.
அது என்னைப் பார்க்கவில்லை,
வைக்கோலைப் பார்த்தது.

அங்கேயே, சாணி வாசத்தில் நின்றபடி அனுப்பினேன்:
எனக்கு முப்பத்தொன்று. உனக்கு எவ்வளவு?
செய்திக்குப் பக்கத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு கோடு.

கதவைத் திறந்த அம்மா
"என்னடி, உன்மேல மாட்டு வாசம்?" என்றாள்.
"பொங்கல்மா" என்றேன்.
"டாக்டர் என்ன சொன்னார்?"
"அடுத்த ஜனவரி."

சாப்பிட்டு முடித்தபோதும் ஒரு கோடுதான்.
இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன்,
பழக்கதோஷம்.
திரை தெரியும்படி
கைப்பேசியைத் தலையணையில் சாய்த்து வைத்தேன்.